மணி என்னாச்சு?

ஜூன் 3
நாலு மாதக் குட்டி. செவலை நிற நாட்டு நாய். மணி என்று அம்மா பெயர் வைத்துவிட்டாள். இப்போது அப்பா "மணி என்னாச்சு?" என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து அவர் காலடியில் நிற்கிறான். அப்பா ஒரு நாளைக்கு இருபது தடவை மணி கேட்கிறவர்.

ஜூன் 6
மூன்றே நாளில் 'உட்காரு' படித்துவிட்டான் என்று தம்பியிடம் போனில் பீற்றிக்கொண்டிருந்தேன். வேகவைத்த கோழி ஈரலை அவன் மூக்குக்கு நேரே பிடித்து மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோனால், முகம் அண்ணாந்து இடுப்பு தானாகத் தரையில் இறங்கும். பிறகு வெறுங்கைக்கும் உட்கார்ந்தான்.

இன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். என்னையே பார்த்தபடி நின்றான். சத்தமாகச் சொன்னேன். காது பின்னால் மடிந்ததுதான் மிச்சம். கையை லேசாக உயர்த்தியதும் பொத்தென்று உட்கார்ந்தான். மூன்று நாளும் அவன் படித்தது என் கையை. வாயசைவும் கையசைவும் ஒன்றாக வந்தால் நாய்க்குக் கைதான் பெரிது. சொல் வெறும் இரைச்சல். நாளையிலிருந்து முதலில் சொல், ஒரு நொடி இடைவெளி, அப்புறம் கை. சொல்லும் ஒரே தடவைதான். மூன்று தடவை சொன்னால், மூன்றாவதுக்கு உட்கார்ந்தால் போதும் என்று படித்துக்கொள்வான்.

ஜூன் 11
கை எழும்புவதற்கு முன்பே உட்கார்ந்தான்! 'சபாஷ்' என்று ஈரலை இரண்டாகக் கொடுத்தேன்.

ஜூன் 12
நேற்றைய மேதை இன்று டீக்கடை வாசலில் ஒன்றும் தெரியாதவனாக நின்றான். சமையலறையில் படித்தது சமையலறைக்கு மட்டும்தானாம். வாசல், திண்ணை, தெரு என்று ஒவ்வோர் இடத்திலும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூன் 15
வீட்டில் பஞ்சாயத்து. நான் 'உட்காரு' என்கிறேன், அப்பா 'சிட்' என்கிறார், அம்மா 'இருலே' என்கிறாள். எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் வாலே, போலே, இருலே எல்லாம் ஒரே வாலோடுதான் முடியும். குட்டி எதைப் பிரித்துக் கேட்கும்? எல்லோரும் 'உட்காரு' என்றே சொல்வது என்று முடிவாயிற்று. "நாய்க்குப் பாடமா, எனக்குப் பாடமா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி.

ஜூன் 18
அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைத் தனித்தனியாக அறிந்திருந்தது. பழக்கியவர் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். ஆய்வுக் கட்டுரை 2011-இல் வந்தது. வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

புடாபெஸ்ட்டில் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாராட்டும் சொல், பாராட்டும் குரல் இரண்டும் சேர்ந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி விழித்ததாம். அலுவலகக் கடுப்போடு நான் சொல்லும் சபாஷ் எதில் சேர்த்தி?

ஜூன் 21
'வா' கெட்டுப்போயிற்று. குளிப்பாட்ட வா, உண்ணி எடுக்க வா என்றே கூப்பிட்டிருக்கிறேன். இப்போது 'வா' என்றால் கட்டிலுக்கு அடியில் போகிறான். சொல்லை அவன் நன்றாகத்தான் படித்திருக்கிறான்! கெட்டதை ரிப்பேர் செய்வதைவிடப் புதுச்சொல் சுலபம். 'பந்தி' என்று வைத்தேன். அந்தச் சொல்லுக்கு வந்தால் ஈரல் மட்டுமே, குளியல் கிடையாது. குளிப்பாட்ட நானே போய்த் தூக்கிவருவேன். பந்திக்கு முந்துவதில் அவன் யாருக்கும் சளைத்தவனில்லை.

ஜூன் 26
உட்கார்ந்தவன் எழுந்திருக்க 'சரி' என்று பழக்கியிருந்தேன். இன்று அவனைத் திண்ணையில் உட்காரவைத்திருந்தபோது மேனேஜர் போன். "சரி சார்" என்றேன், எழுந்தான். உட்காரவைத்தேன். "சரி சார், சரி சார்." தெருமுனை வரை ஓடிவிட்டான். நான் ஒரு நாளைக்கு எத்தனை சரி சொல்கிறேன் என்று இந்த வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான். இனி 'கிளம்பு'.

ஜூலை 2
சாயங்காலம் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "டைம் என்ன?" என்றார். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை. மணி வாசற்படியில் படுத்தபடியே ஒரு காதை மட்டும் அசைத்தான், எழுந்திருக்கவில்லை.