சுரங்கத் தொழிலாளிகள் செய்த சின்னக் கார்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ரிம்னி பள்ளத்தாக்கில் இருக்கிறது பார்கோய்ட் என்னும் ஊர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊர். சுரங்கத்தில் இறங்கியவர்கள் கூலியோடு நோயையும் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். தூசி நுரையீரலில் படிந்து, பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். வேலைக்கு ஆகாதவர்கள் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர் பலர்.

அத்தகையோருக்காகவே, 1949-ஆம் ஆண்டு ஆஸ்டின் கார் கம்பெனி அரசாங்க உதவியோடு அங்கே ஒரு தொழிற்சாலை திறந்தது. செய்த பொருள் என்ன தெரியுமா? பிள்ளைகள் உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டும் கார்! பெரிய கார்களுக்கு வெட்டியது போக மிஞ்சிய தகடுதான் மூலப்பொருள். விளையாட்டுச் சாமான்தானே என்று ஏனோதானோவென்று செய்யவில்லை. பேட்டரியில் எரியும் முன்விளக்கு, ஹார்ன், காற்றடைத்த டயர், பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு பொம்மை எஞ்சின், எல்லாம் உண்டு.

ஜே 40 என்ற இந்தக் கார், 1971 வரை சுமார் 32,000 செய்யப்பட்டது. இன்றும் பழைய வண்டி கிடைத்தால், பெற்றோர் துருவைச் சுரண்டி, பெடலைச் சரிசெய்து, புதுச் சாயம் பூசிப் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் திடலில், 2012-இல் தொடங்கி, இவ்வண்டிகளுக்கென்றே சிறுவர் பந்தயம் நடக்கிறது. பிள்ளைகள் ஓடிவந்து ஏறி, மூச்சு முட்ட மிதிக்கிறார்கள்.

ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் செய்த வண்டி, அரை நூற்றாண்டு கடந்தும் ஓடுகிறது. உழைத்துத் தேய்ந்தவருக்கு இரக்கம் மட்டும் போதாது; உடம்புக்கு ஏற்ற வேலையும் வேண்டும். அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.