பொட்டலத்தில் வந்த மதுரை



ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு போய் வந்திருப்பீர்கள். நான் கேட்க விழைவது வேறு. நீங்கள் அன்றாடம் நடமாடும் உங்கள் சொந்த ஊரை, உங்கள் வீட்டுப் பெண்கள் எவ்வளவு பார்த்திருக்கிறார்கள்? இக்கேள்வியை நானாக என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. என் 9 வயது மகளால்தான் இது என்னை வந்தடைந்தது.

எங்கள் வீடு மதுரையில் காஜிமார் தெருவுக்கு அருகில் இருக்கிறது. என் தாயார் 1979-ஆம் ஆண்டு உத்தமபாளையத்திலிருந்து மணமகளாக இவ்வீட்டிற்கு வந்தார்கள். மதுரைப் பண்டங்களில் அவர்கள் சுவைக்காதது எதுவுமில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஏனெனில் அத்தா இரவில் கடையடைத்துத் திரும்பும்போது வெறுங்கையோடு வந்ததே கிடையாது. நெய் கசியும் அல்வா, வாழையிலையில் கட்டிய பரோட்டா, சூடு ஆறாத சால்னா, ஈர நூலில் தொடுத்த மல்லிகை என ஏதேனும் ஒரு பொட்டலம் அவர்கள் கையிலிருக்கும். அத்தாவுக்குப் பிறகு அவ்வழக்கத்தை நான் தொடர்ந்தேன். நல்ல மகன் என்று உள்ளூரப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன், "நம் ஊர் உணவுகள்" என்று கட்டுரை எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மகள் நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியாரிடம் போய் அமர்ந்தாள்.

"நன்னி, நீங்க மொதமொதல்ல எப்போ ஜிகர்தண்டா குடிச்சீங்க?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்கள்: "அது பொட்டலத்துல வராதும்மா."

பக்கத்து அறையிலிருந்த எனக்குச் சுருக்கென்றது. இன்று எதையும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்நாளில் ஜிகர்தண்டா, கடை வாசலில் நின்று கண்ணாடித் தம்ளரில் குடிக்க வேண்டிய பானம். எனவே அது எங்கள் வீட்டு வாசற்படியை மிதித்ததேயில்லை. வெளியே போகக் கூடாதென்று அம்மாவை எவரும் தடுத்ததில்லை; ஆனால் "வாங்க, போய் வரலாம்" என்று எவரும் அழைத்ததுமில்லை. மருத்துவமனை, திருமண மண்டபம், துக்க வீடு. இம்மூன்றுக்கும் போய்வரும் வழியில், ஆட்டோவின் ஓரத்தில் தெரிந்ததே அவர்கள் கண்ட மதுரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத கையோடு அம்மா, மனைவி, மகள் மூவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். "முழங்கால் வலிக்கிற இந்த வயசுலயா?" என்று அம்மா மறுத்தார்கள். ஆனால் மறுத்துக்கொண்டே பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்ததையும் நான் கவனித்தேன்.

முதலில் திருமலை நாயக்கர் மகால். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், 1636-ஆம் ஆண்டளவில் எழுப்பிய அரண்மனை அது. இன்று நாம் காண்பது அதன் ஒரு பகுதியே. அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கர் பல பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு சென்றார். எஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்கச் செய்தார். அம்மா ஒரு தூணருகே சென்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்கள். "பளிங்கா தம்பி?" என்றார்கள். "இல்லைம்மா, செங்கல்தான். மேலே கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைக் கலந்து பூசியிருக்கிறார்கள்" என்றேன்.

அம்மா அண்ணாந்து தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "எத்தனை முட்டை ஒடச்சிருப்பாங்க! அந்த மஞ்சக்கருவை எல்லாம் என்ன பண்ணாங்க?"

நான் புரட்டிய வரலாற்று நூல்கள் எதிலும் இக்கேள்வி எழுப்பப்பட்டிருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சமையலறையை வீணாக்காமல் நடத்தியவருக்கல்லவா அது தோன்றும்!

அங்கிருந்து சற்றுத் தொலைவில் விளக்குத்தூண். 1840-களில் மதுரையின் பழைய கோட்டைச் சுவர்களை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊர் விரிய வழிசெய்த கலெக்டர் ஜான் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்குக் கம்பம் அது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்னும் பெயர்களும் அப்பணியில் ஈடுபட்டவர்களை நினைவூட்டுவனவே. அந்த விளக்குத்தூண் அருகேதான் 1977 முதல் இயங்கிவரும் புகழ்பெற்ற ஜிகர்தண்டா கடை இருக்கிறது.

ஜிகர் என்றால் உருது மொழியில் ஈரல். நெஞ்சம் என்றும் பொருள்படும். தண்டா என்றால் குளிர்ச்சி. ஊறிப் பூத்த பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அம்மாவின் கையில் தம்ளரைக் கொடுத்தேன். தம்ளரின் குளிர்ச்சி தாளாமல் முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். நான்கே கரண்டி. பிறகு தம்ளரைப் பேத்தியிடம் நீட்டிவிட்டார்கள்.

"பிடிக்கலையாம்மா?"

"ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா சர்க்கரை இருக்கே தம்பி. 12 வருசமா மாத்திரை சாப்பிடுறேன்ல. முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா முழுத் தம்ளரும் குடிச்சிருப்பேன்."

குற்றம் சாட்டும் குரலில் அவர்கள் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போல் இயல்பாகச் சொன்னார்கள். வாசகர்களே, அந்த நான்கு கரண்டிக்கு மேல் என் தம்ளரும் எனக்கு இறங்கவில்லை.

மஃரிப் தொழுகையை நெல்பேட்டையிலுள்ள உறவினர் இல்லத்தில் நிறைவேற்றிவிட்டு யானைக்கல் பக்கம் வந்தோம். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. சுக்கு மணத்தை வைத்தே அம்மா அதை அடையாளம் கண்டுகொண்டார்கள். பருத்திக் கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, அரிசிமாவும் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சும் முறையைத் தெருவில் நின்றபடியே பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்க சொல்றதுதாம்மா சரி" என்றார். அதுவரை ஊரை அவர்களுக்கு நாங்கள் காட்டிக்கொண்டிருந்தோம். அந்நேரம் ஊரை எங்களுக்கு அவர்கள் காட்டினார்கள்.

வைகையின் மீதுள்ள ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையம். சுல்தான் அலாவுத்தீன், சுல்தான் சம்சுத்தீன் ஆகிய இருவரின் அடக்கத்தலங்கள் அமைந்த இடம். பாண்டிய மன்னர் காலத்தில் இதற்குச் சேர்ந்த நிலங்களின் உரிமையை உறுதிப்படுத்தி, 1573-இல் வீரப்ப நாயக்கர் பொறித்த கல்வெட்டு இங்குள்ளது. பாண்டியர் காலத்து உரிமையை நாயக்கர் மதித்துக் கல்லில் வெட்டினார் என்பதை மகளுக்கு விளக்கிச் சொன்னேன். மதுரையில் நம் முன்னோர் அண்டை அயலாரோடு வாழ்ந்த வாழ்வுக்கு அந்தக் கல் ஒரு சாட்சி.

பாலத்தின் மேல் வரும்போது இன்னொரு செய்தியும் சொல்லியிருந்தேன். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1340-களில், சுல்தான்களின் ஆட்சி நடந்தபோது, மதுரைக்கு வந்தார். அப்போது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவரும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். புளியை நீரில் கரைத்துக் குடித்து, 3 நாட்கள் வயிறு கழிந்து, இறையருளால் நலம்பெற்றதாகத் தம் பயண நூலில் குறிப்பிட்டுள்ளார். அரபியர் புளியைத் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்பர்.

"இதுக்கு மொராக்கோவுலருந்து வரணுமா? எங்க உம்மம்மா சொல்லிருக்காங்களே" என்றார்கள் அம்மா.

இரவு உணவுக்கு ஒரு பரோட்டாக் கடையில், அடுப்பு தெரியும் மேசையாகப் பார்த்து அமர்ந்தோம். பரோட்டாவும் முட்டையும் சால்னாவும் கல்லில் விழ, இரு கைகளிலும் இரும்புத் தகடேந்திக் கொத்தத் தொடங்கினார் மாஸ்டர். தாளம் எழுந்ததும் அம்மா கையிலிருந்த தண்ணீர்த் தம்ளரை அப்படியே கீழே வைத்தார்கள்.

"இதுவா அந்தச் சத்தம்!"

எங்கள் தெருமுனையிலும் ஒரு கடை உண்டு. 1979 முதல் இரவுதோறும் படுக்கையில் கிடந்தவாறு அந்த ஒலியைக் கேட்டிருக்கிறார்கள். அவ்வொலி ஓய்ந்தால், அத்தா வரும் நேரமென்று எழுந்து சோற்றைச் சூடாக்குவார்களாம். கேட்டு, மணந்து, உண்டு பழகிய ஒன்றைக் கண்ணால் காண அன்றுதான் வாய்த்தது. இலையில் விழுந்த கொத்துப் பரோட்டா ஆவி பறக்க இருந்தது. பொட்டலத்தில் வரும்போது அது வேர்த்துக் குழைந்திருக்கும். கல்லிலிருந்து நேரே இலைக்கு வந்தால் அதன் ஓரங்கள் மொறுமொறுவென்றிருக்கும். அம்மா அந்த ஓரங்களாகத் தேடித்தேடி உண்டார்கள். இதில் சர்க்கரை இல்லையே என்று மருமகளிடம் சிரித்துக்கொண்டும் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் கடைகள் ஒளிவீசிக்கொண்டிருந்தன. சங்க காலத்து மதுரைக் காஞ்சியே இவ்வூரின் பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும் இரவுக்கடைத் தெருவை அல்லங்காடி என்றும் பாடியிருக்கிறது. தூங்கா நகரம் என்னும் பெயர் நேற்று வந்ததல்ல. தூங்காத அந்த ஊர், எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியேதான் இத்தனை காலமும் விழித்திருந்தது.

அத்தாவைக் குறைசொல்ல இதை நான் எழுதவில்லை. நாளெல்லாம் கடையில் நின்ற கால்களோடு இன்னொரு கடைக்கு நடந்து, சூடு ஆறுமுன் வீடு சேர்க்க விரைந்த அந்தப் பொட்டலங்கள் அன்பினால் கட்டப்பட்டவை. ஆனால் எல்லாவற்றையும் பொட்டலத்தில் கட்ட முடியாது. தம்ளரின் குளிர்ச்சியும் தூணின் வழவழப்பும் கல்லில் எழும் தாளமும் இருக்கும் இடத்திலேயே இருப்பவை. அவற்றிடம் மனிதர்களைத்தான் கொண்டு செல்ல வேண்டும்.

அன்றிரவு தெருமுனையில் வழக்கமான ஒலி எழுந்தது. உறங்கிவிட்டார்கள் என்று நான் நினைத்த அம்மா, இருட்டிலிருந்து சொன்னார்கள்: "இப்போ சத்தத்தோட அந்தக் கையும் தெரியுது தம்பி."

இப்போது மாதம் ஒருமுறை புறப்படுகிறோம். அடுத்த மாதம் காந்தி அருங்காட்சியகம், இன்ஷா அல்லாஹ். வாசகர்களே, உங்கள் ஊர் மதுரையாக இருக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு, உங்கள் வீட்டுப் பெரியவர்களை "வாங்க, போய் வரலாம்" என்று அழையுங்கள். முழங்கால் வலிக்கிறது என்பார்கள். சற்றுப் பொறுத்திருங்கள், பெட்டியிலிருந்து சேலை வெளியே வரும்.