ஒரு மார்மன் இளைஞரின் ஏழு நாட்கள்

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் வட்டாரத்தில், ரிபிள் ஆற்றங்கரையில் அமைந்த நகரம் பிரஸ்டன். குஜராத்தியர் உள்ளிட்ட முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்குள்ள ஒரு மாலைநேர மத்ரஸாவில் ஓராண்டுக் காலம் ஓதிக்கொடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பள்ளிவாசல் தெருவில் அடிக்கடி கண்ணில் பட்டவர்கள் இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. அவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வயது பத்தொன்பது. பழக்கம் வளர்ந்தபின் தம் வாழ்வின் ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது என்பதை அவர் எனக்குச் சொன்னார். இளைஞர்களுக்குக் கல்வி புகட்டும் பொறுப்பில் உள்ளவன் என்ற முறையில் அவ்வாரம் என் சிந்தனையை விட்டு அகலவில்லை.

முதலில் அவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை அது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அதன் முறையான பெயர். பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் அவர்கள் வேதமாகக் கொள்வதால் மார்மன்கள் என்று அழைக்கப்படுகின்றனர். தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. முஹம்மது நபி (ஸல்) அவர்களோடு தூதுத்துவம் நிறைவுற்றது என்று ஈமான் கொண்டுள்ள நமக்கும் அவர்களுக்கும் கொள்கையில் உள்ள இடைவெளி வெளிப்படையானது. அது குறித்த விவாதம் இக்கட்டுரையின் நோக்கமன்று.

பிரஸ்டன் நகருக்கு அவர்களது வரலாற்றில் தனி இடமுண்டு. சபை தோன்றி ஏழே ஆண்டுகளில், 1837 ஜூலையில், ஹீபர் கிம்பல் தலைமையிலான சிறு குழு லிவர்பூலில் கரையிறங்கி இவ்வூருக்கு வந்தது. அம்மாதம் 30ஆம் நாள் ரிபிள் ஆற்றில் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றனர். முதலாவதாக நீரில் இறங்கும் பேறு யாருக்கு என்று இருவர் ஆற்றை நோக்கி ஓடிப் போட்டியிட்டதாக அவர்களது வரலாறு கூறுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டனில் ஆயிரக்கணக்கானோர் அச்சபையில் இணைந்தனர். அதே ஊரில் இன்று ஓர் இளைஞர் நாள் முழுவதும் தெருத்தெருவாக நடக்கிறார். ஒரு கதவுகூட அவருக்காகத் திறக்காமல் பொழுது சாய்ந்துவிடுவதுண்டு.

ஆண்கள் இரண்டு ஆண்டுகளும் பெண்கள் பதினெட்டு மாதங்களும் இப்பணியில் ஈடுபடுகின்றனர். 2012இல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைக்கப்பட்டது. எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பித்த பின்னர் தலைமையகமே இடத்தை முடிவு செய்கிறது. ஊதியம் கிடையாது. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து புறப்படுவோரின் குடும்பங்கள் மாதம் 400 டாலர் செலுத்தி வந்தன. 2020 ஜூலை முதல் அது 500 டாலராயிற்று. சொந்தச் செலவில் நாற்பது நாள், நான்கு மாதம் என்று ஜமாஅத்தில் புறப்படுவோரைக் கண்டு பழகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

அவரது வாரத்தில் திங்கட்கிழமை ஆயத்த நாள். துணி துவைத்தல், வாரத்துக்கான காய்கறி, ரொட்டி வாங்குதல், முடி திருத்துதல், சிறிது நேரம் பந்து விளையாடுதல் ஆகிய அனைத்தும் அன்று மாலைக்குள் முடிந்தாக வேண்டும். வீட்டுக்கு அழைத்துப் பேசுவதும் அன்றுதான். 2019 பிப்ரவரி வரை பெற்றோரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இருமுறையே அனுமதி இருந்தது: கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். மற்ற நாட்களில் வாரம் ஒரு மடல். இப்போது வாரந்தோறும் பேசலாம். பிரஸ்டனில் பிற்பகல் மூன்று மணி என்றால் அவரது தாய்க்குக் காலை எட்டு மணி. வாரத்தில் மிக இனிய நேரமும் மிகக் கடினமான நேரமும் அதுவே என்றார் அவர். அழைப்பு முடிந்ததும் இருவரும் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருப்பார்களாம்.

செவ்வாய் முதல் சனி வரை ஏறத்தாழ ஒரே ஒழுங்கு. காலை ஆறரைக்கு விழிப்பு, உடற்பயிற்சி, தொழுகை, வேதவாசிப்பு, பின்னர் தோழரோடு சேர்ந்து பாடம். முற்பகலில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணியளவில்தான் வீடு திரும்புவர். பத்தரைக்கு விளக்கணைப்பு. வாரத்தில் ஒருநாள் அவ்வட்டாரத்து ஊழியர்கள் கூடித் தத்தம் பணியைப் பற்றிப் பேசுவர். இடையிடையே முதியோர் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டிக் கொடுப்பதும், வீடு மாறுவோருக்குப் பெட்டி சுமப்பதும் உண்டு. திரைப்படமோ தொலைக்காட்சியோ கிடையாது. காதல் உறவுக்கும் இடமில்லை. தோழரை விட்டுத் தனியே செல்லவும் கூடாது. ஒருவர் பார்வையிலும் செவியெட்டும் தொலைவிலும் மற்றவர் இருக்க வேண்டும். அந்தத் தோழரையும் அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்றச் செய்தி வரும். தோழர் மாறலாம், ஊரும் மாறலாம்.

தேநீரைப் பற்றி அவர் சொன்னதை மறக்க இயலவில்லை. 1833ஆம் ஆண்டு முதல் அவர்களிடம் உள்ள ஓர் உணவுக் கட்டளையின்படி மது, புகையிலையோடு தேநீரும் காபியும் விலக்கப்பட்டவை. மழையில் நனைந்து நிற்கும் இளைஞனைக் கண்டு இரங்கும் லங்காஷயர் மூதாட்டி முதலில் நீட்டுவது ஒரு கோப்பைத் தேநீரையே. நாள் முழுவதும் கிடைத்த ஒரே அன்பை மறுத்துவிட்டு நிற்பது, முகத்துக்கு எதிரே கதவு சாத்தப்படுவதைவிடக் கடினம் என்றார். எங்கள் பள்ளிவாசலின் முஅத்தின், வயது முதிர்ந்த குஜராத்தியர், முதல்நாள் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். காரணம் அறிந்தபின் அடுத்த முறை ஏலக்காய் தட்டிப் போட்ட சூடான பால் கொண்டுவந்தார். நம் பெருமானாரின் (ஸல்) விருந்தோம்பலைப் பற்றி நான் அன்று வகுப்பில் தனியே பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு அவர்களது கூட்டு வழிபாட்டு நாள். ரொட்டியும் தண்ணீரும் திருவிருந்தாகப் பகிரப்படுகின்றன. மாதத்தின் முதல் ஞாயிறன்று உண்ணாமலும் பருகாமலும் இரு வேளைகள் நோன்பிருந்து, அவ்வேளைகளின் உணவுக்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்காகக் கொடுக்கின்றனர். ஞாயிறு மாலை அவர் அவ்வார நாட்குறிப்பை எழுதுவார். தட்டிய கதவுகள் எத்தனை, நின்று பேசியவர்கள் எத்தனை, மீண்டும் வரச் சொன்னவர்கள் எத்தனை என்று ஒரு கணக்கு அதில் இருக்கும். கடைசி எண் பெரும்பாலும் சுழியம் என்று சிரித்தபடி சொன்னார்.

சுழியத்தோடு எழுந்து, மறுநாள் அதே தெருவுக்கு எப்படிச் செல்கிறீர் என்று கேட்டேன். தன் மன உறுதியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஆறரைக்கு மணி அடிக்கிறது, தோழர் எழுந்துவிடுகிறார், ஆகவே நானும் எழுகிறேன் என்றார். இறைநம்பிக்கையின் பெருமையைப் பேசுவார் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அவர் பேசியது ஒரு கடிகாரத்தையும் ஒரு மனிதரையும் பற்றி. ஜமாஅத்தாகத் தொழுவதன் சிறப்பை விளக்கும்போது நான் மாணவர்களிடம் சொல்ல விரும்புவதும் இதுவே. தனிமனித உறுதி தளரும் நாளில் தோளோடு தோள் சேர்ந்த வரிசை நம்மைத் தாங்குகிறது. எத்திவைப்பதே தூதர்களின் கடமை, நேர்வழி இறைவனின் கையில் என்பது நாம் சிறுவயதிலேயே ஓதும் பாடம். 950 ஆண்டுகள் மக்களிடையே வாழ்ந்து அழைத்த நூஹ் நபி (அலை) அவர்களைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.

ஆயினும் அவ்விளைஞர் சொன்னவற்றுள் என்னை அதிகம் உறுத்தியது அவருடைய முதல் தோழரின் கதை. அவர் ஆறாவது மாதத்தில் உறக்கம் இழந்தார், உணவு செல்லவில்லை, இறுதியில் மருத்துவர் ஆலோசனைப்படி வீடு திரும்பினார். சொந்த ஊரில் எவரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அந்த ஆறு மாதம் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். எஞ்சிய பதினெட்டு மாதங்கள் என்னாயிற்று என்றே கேட்டனராம். அச்சபையில் இப்பணி இளம் ஆண்களுக்குக் கடமையாகவே சொல்லப்படுகிறது. குடும்பத்தின் எதிர்பார்ப்பும் ஊரின் கண்ணும் அதில் கலந்திருக்கின்றன. விமான நிலையத்தில் பதாகையோடு வரவேற்கப்படுவோர் இரண்டு ஆண்டுகளை முடித்தவர்கள். இடையில் வருபவருக்குப் பதாகை இல்லை.

சொந்த விருப்பத்தால் புறப்பட்டீரா, எதிர்பார்ப்பால் புறப்பட்டீரா என்று அவரிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, புறப்பட்டது அப்பாவுக்காக. இங்கே இருப்பது எனக்காக என்றார். பத்தொன்பது வயதில் அவ்வளவு தெளிவாகத் தன்னை அறிந்தவரை நான் அதிகம் கண்டதில்லை. அடுத்த இடமாற்றத்தில் அவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார்.

வாசக அன்பர்களே, ஹிஃப்ளு வகுப்புக்கு ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகளை அனுப்பும் சமூகம் நாம். அவர்களுள் சிலர் பெற்றோரின் நேர்ச்சைக்காக வருகின்றனர்; சிலர் அண்ணன் ஹாஃபிள் ஆனதால் வருகின்றனர். முப்பது ஜுஸ்வையும் முடிப்பவருக்கு மேடையும் சால்வையும் உண்டு. பத்து ஜுஸ்வில் நின்றுவிடும் சிறுவனுக்கு 'பாதியில் விட்டவன்' என்ற பெயர் மட்டுமே மிஞ்சுகிறது. அந்தப் பெயருக்கு அஞ்சிப் பள்ளிவாசல் பக்கமே வராமல் போன பிள்ளைகளை நான் அறிவேன். நெஞ்சில் பதிந்த பத்து ஜுஸ்வு அவர்களிடம் இருக்கிறது. அதை ஓதச் சொல்லிக் கேட்பவர்தாம் இல்லை.

பிள்ளைகளை அனுப்பி வைக்கும் சமூகத்துக்குத் திரும்பி வருவோரை ஏற்கும் கடமையும் உண்டு. உங்கள் தெருவில் அத்தகைய பிள்ளை ஒருவன் இருந்தால், வரும் வெள்ளிக்கிழமை அவனை அருகில் அமர்த்தி, மனனம் செய்ததிலிருந்து ஒரு பக்கம் ஓதச் சொல்லுங்கள். விட்ட இருபதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.