நாள்தோறும் ஒரு மாத்திரை



நாமக்கல் லாரிகள் தேசமெங்கும் செல்கின்றன. அந்த நெடும்பயணங்களின் வழியே எச்.ஐ.வி. தொற்றும் நம் பகுதியின் பல இல்லங்களுக்குள் நுழைந்தது. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அன்று மரணத்தை எதிர்நோக்கியிருந்த அநேகர் இன்று பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்கள்.

அம்மருந்தை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். அடிக்கடி தவறினால் கிருமி இரத்தத்தில் பெருகும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறும். ஒழுங்காக உட்கொண்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையில் நீடிப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாக அது பரவுவதில்லை.

அபின் வகைப் போதைக்கு அடிமைப்பட்டவருக்கு இவ்வொழுங்கு மிகக் கடினம். போதை கிடைக்காத காலையில் உடல் நடுங்கி, எலும்பெல்லாம் நோகும்போது மாத்திரையின் நினைவு எப்படி வரும்? ஆகவேதான் மாற்று மருந்துச் சிகிச்சை மையங்களில் புப்ரினார்பின் மாத்திரையை நாவின் கீழ் வைத்துக் கரைக்கக் கொடுக்கிறார்கள். அது தவிப்பை அடக்குகிறது. ஊசியைப் பகிரும் ஆபத்தைக் குறைக்கிறது. இச்சிகிச்சையில் நிலைத்திருப்போர் எச்.ஐ.வி. மருந்தையும் ஒழுங்காக உட்கொள்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

“ஒரு போதைக்குப் பதிலாக இன்னொன்றா?” என்றும், “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?” என்றும் நம்மில் சிலர் கேட்பதுண்டு. பிரியமானவர்களே, அந்தக் கேள்வி ஒருவரின் கையிலிருக்கும் மருந்தைத் தட்டிவிடக்கூடும்.

எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார்; அவன் ஆயுசோடு 15 வருஷம் கூட்டினார். ஆயினும் அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசியே. ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாகவில்லை. வனாந்தரத்தில் மன்னாவையும் ஜனங்கள் காலைதோறும் சேர்த்தார்கள். மொத்தமாகச் சேர்த்துவைக்கக் கர்த்தர் விடவில்லை. அன்றன்றைய கிருபைக்காகக் கைநீட்டுவது அவிசுவாசமல்ல.

ஆகையால் உபவாச நாளிலும் மாத்திரையை விடாதீர்கள். வெறும் வயிற்றில் உட்கொள்ளலாமா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். லோடு ஏற்றிப் புறப்படும் சகோதரரே, திரும்பும் நாள்வரைக்கும் போதுமான மருந்தை எடுத்துச் செல்லுங்கள். சுகம் பெற்றதாக உணர்ந்தாலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சபையாரே, யாருக்கு நோய் என்று விசாரிக்க வேண்டாம்; தெரிந்தால் காத்துக்கொள்ளுங்கள். சம்மதமின்றி வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது. அன்போ அதற்கு முன்பே தடைசெய்துவிட்டது.

ஜெபம்: பரம வைத்தியரே, நாளைய பயத்தில் தவிக்கிறவர்களுக்கு இன்றைய மருந்தை உட்கொள்ளப் பெலன் தாரும். அவர்களுக்குத் துணை நிற்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.