அத்தாவின் தகர வாளி

வேப்பனப்பள்ளியில், கர்நாடக எல்லையருகே, எம் குடும்பத்திற்குச் சிறிது செம்மண் நிலமுண்டு. கேழ்வரகும் மாவும் விளையும். மண்ணை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தே அதன் குறையைச் சொல்லிவிடுவார் எம் அத்தா. 2015ஆம் ஆண்டு நடுவணரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியபின், யாமும் மண்ணை ஆய்வுக்குத் தர விழைந்தோம். அவர் இசைந்ததே வியப்பு! வரப்போரமும் மரநிழலும் எருக்குவியலும் விலக்கி, அரையடி ஆழத்திற்கு ஆங்கில ‘வி’ வடிவக் குழிகள் வெட்டினோம். மண்ணைத் தம் தகர வாளியில் அவரே சேர்த்தார்.

“எதில் அள்ளினீர்கள்?” ஆய்வுக்கூடத்தில் கேட்ட முதல் வினா இதுவே. விடையைக் கேட்டதும் பையைத் திருப்பித் தந்தனர். வாளியின் மேற்பூச்சு துத்தநாகம். அது மண்ணிற் கலந்தால் இல்லாத சத்து இருப்பதாகத் தோன்றுமாம்.

அத்துணை நுண்மை அக்கருவிக்கு. ஆஸ்திரேலிய அறிஞர் ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட அணு உறிஞ்சல் நிறமாலை முறை அது. மண்ணிலிருந்து வடித்த கரைசலைச் சுடரில் தெளித்து, துத்தநாகம் பொருத்திய விளக்கின் ஒளியை அதனூடே செலுத்துவர். கரைசலில் துத்தநாகம் எவ்வளவு மிகுமோ அவ்வளவு ஒளி குறையும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கும் தப்பாது. தமிழாசிரியராகிய யாம் இதனை மும்முறை கேட்டே விளங்கிக்கொண்டோம்.

மறுமுறை பிளாஸ்டிக் வாளியில் எடுத்துச் சென்றோம். துத்தநாகம் குறைவு, மணிச்சத்து மிகுதி என்றது அட்டை. ஆண்டுதோறும் இட்ட டி.ஏ.பி. உரத்தின் எச்சம் அது. மிகுந்த மணிச்சத்து, இருக்கும் துத்தநாகத்தையும் பயிர் கொள்ளவிடாது தடுக்கும்.

அத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கையில் தேய்த்தால் இது தெரியாதா?” என்றார்.

“தெரியாது அத்தா” என்றோம்.

அடுத்த பட்டத்தில் டி.ஏ.பி. மூட்டையைக் குறைத்துத் துத்தநாக சல்பேட்டு வாங்கி வந்தார்.