அளவைக்கு அகப்படாத புகை

காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய்வருவதற்காக, 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த டீசல் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். சில வாரங்களாக அது நின்ற இடத்தில் நடுங்கிற்று, வேகத்தைக் கூட்டினால் இழுக்கவில்லை, கரும்புகை கக்கிற்று. முகப்பில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மதரஸா வாசலில் வண்டியைக் கிளப்பினால், பாடம் முடிந்து வரும் சிறுவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். புகைக்குழாய் அப்பிள்ளைகளின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. எழும் புகை அவர்கள் முகத்தில்தான் முதலில் படும்.

திருச்செந்தூரில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார். 'பி 0402' என்ற குறியீடு வந்தது. கடற்காற்றின் உப்பு மின்இணைப்பை அரித்திருக்கிறதா என்று முதலில் சோதித்தார். அதில் பழுதில்லை. "இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடியே சிக்கிட்டு, பாய்" என்றார்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, உட்புகும் காற்றோடு கலந்துவிடுவதே இந்த வால்வின் பணி. எரிந்து முடிந்த புகையில் பிராணவாயு குறைவு. ஆதலால் எரிகின்ற வெப்பம் தணிகிறது. வெப்பம் மிகுந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறும். அவை மூச்சுக்குழலைப் புண்படுத்தும். ஆஸ்துமா நோயாளரை வாட்டும். என் வண்டி வெளிவந்த காலத்தில் டீசல் கார்களுக்கு இவ்வாயுக்களின் உச்சவரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம். 2020 ஏப்ரல் முதல் அது 80 ஆயிற்று.

வால்வு கரி பிடித்து மூடாமல் நின்றுவிட்டாலோ, காற்றுக்குரிய இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். டீசல் அரைகுறையாக எரியும். என் வண்டிக்கு வந்த நோய் அதுவே.

அந்தத் தம்பி இரண்டு வழிகள் கூறினார். ஒன்று, வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது, அரைநாள் வேலை. மற்றொன்று, அந்த வழியையே ஒரு தகட்டினால் அடைத்து, வண்டியின் கணினியில் எச்சரிக்கையையும் நிறுத்திவிடுவது. "இனிமே தொந்தரவே வராது பாய். புகைச் சான்றிதழும் சுளுவா கிடைச்சிரும்."

அவர் கூறியது பொய்யன்று. டீசல் வண்டிக்கு மாசுச் சான்றிதழ் தரும்போது புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதில்லை. தகடு வைத்தால் கரி குறையும். நச்சு வாயு கூடும். கண்ணுக்குத் தெரிவது மறைந்து, தெரியாதது பெருகும். அளவுக்கருவியோ நம்மை நல்லவரென்று சொல்லும்!

நான் தயங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. பணமும் மிச்சம், நேரமும் மிச்சம். அப்போதுதான் பழைய பாடமொன்று நினைவுக்கு வந்தது. 2015-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனையின்போது மட்டும் அடக்கமாக நடந்து சாலையில் வரம்பு மீறி நச்சு கக்கும்படி டீசல் கார்களில் மென்பொருள் வைத்திருந்தது அமெரிக்காவில் அம்பலமாயிற்று. ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து கேட்ட ஹதீஸைக் கொண்டு, காண்பார் இல்லாத இடத்திலும் இறைவன் காண்கிறான் என்ற உணர்வே இஹ்ஸான் என்று பாடம் நடத்தியபோது, அந்த நிறுவனத்தை உதாரணம் காட்டிக் கண்டித்தவன் நான். இப்போது அதே வேலையை ஒரு தகட்டைக் கொண்டு நானே செய்யலாமா?

"கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள் தம்பி" என்றேன்.

வால்வினுள் தாரைப் போலக் கரி அப்பியிருந்தது. கரியை இளக்கும் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்தெடுத்தார். புதிய கேஸ்கட் வைத்துப் பூட்டி, குறியீட்டை அழித்தார். "பக்கத்திலேயே ஓட்டி நிறுத்தாதீங்க. அப்பப்ப தூத்துக்குடி ரோட்டுல கொஞ்சம் வேகமா விட்டு வாங்க" என்றார். எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதாலேயே கரி விரைவில் படிகிறதாம்.

மறுநாள் மதரஸா வாசலில் வண்டியைக் கிளப்பினேன். சிறுவர்கள் மூக்கைப் பொத்தவில்லை. சிரித்துக்கொண்டே கடந்து சென்றார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் தகடு வைத்து அடைத்திருந்தாலும் அவர்கள் மூக்கைப் பொத்தியிருக்க மாட்டார்கள். இதே போலச் சிரித்துக்கொண்டேதான் அந்த நச்சைச் சுவாசித்திருப்பார்கள். அந்த எண்ணம் என்னை இன்றும் நடுங்கச் செய்கிறது. அல்லாஹ் நம்மைக் காப்பானாக!