சமாதானக் கூட்டத்தில் விடுபடும் வரி

நூம்பலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் கூடிப் படிப்பது வழக்கம். போன வாரம் மாணவர் ஒருவர் கேட்டார்: "மாவோயிஸ்டுகளோடு அரசு பேசினால்தான் என்ன தோழர்?" 2025 தொடக்கத்தில் அந்தக் கட்சி போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கேட்டது. முதலில் ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்றது ஒன்றிய அரசு. மே 21 அன்று கட்சியின் பொதுச்செயலாளர் நம்பலா கேசவ ராவ் சத்தீஸ்கர் காட்டில் கொல்லப்பட்டார். பக்கத்தில் இருந்த தோழர் சட்டென்று சொன்னார்: "பேசினா மட்டும் என்ன கிடைச்சிடப் போவுது?"

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக் காலனி மக்களோடு தாலுகா அலுவலகத்துச் சமாதானக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சுடுகாட்டுப் பாதையை மறித்து வேலி போட்டிருந்தார்கள். அதைக் கேட்கப் போன இடத்தில் கைகலப்பு. கூட்டத்தில் மூன்று மணி நேரமும் முதல் கல்லை எறிந்தது யார் என்பதே பேச்சு. கடைசியில் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்க மாட்டோம் என்று "இரு தரப்பும்" கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதத்தில் பாதை என்ற சொல்லே இல்லை. வெளியே வந்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "அப்போ பொணத்த எந்த வழியா எடுத்துட்டுப் போறது?" எங்களிடம் பதில் இல்லை.

2004 அக்டோபரில் ஹைதராபாத்தில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டியின் குரல்தான் கேட்கிறது.

அந்த ஆண்டு ஆந்திரத்தில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆட்சிக்கு வந்தார். துப்பாக்கிகள் ஓய்ந்தன. நல்லமலைக் காட்டிலிருந்து ராமகிருஷ்ணா தலைமையில் மாவோயிஸ்டுகள் வெளியே வந்தார்கள். அக்டோபர் 15 முதல் 18 வரை உள்துறை அமைச்சர் ஜானா ரெட்டி தலைமையிலான குழுவோடு பேசினார்கள். இந்திய வரலாற்றில் நக்சலைட்டுகளும் ஒரு மாநில அரசும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது அரிது.

அந்த மேசை தானாக அமையவில்லை. 1997 முதல் ஒரு சிறு குழு அதற்காக உழைத்தது. அதை வழிநடத்தியவர் எஸ்.ஆர். சங்கரன். தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திரத்தில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அதைச் சேரிகளுக்கே போய்க் கொத்தடிமைகளிடம் எடுத்துச் சொன்னவர். பின்னாளில் கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிரான சஃபாய் கர்மசாரி ஆந்தோலனுக்கு வழிகாட்டியாக இருந்தவர். 1987இல் நக்சலைட்டுகள் காட்டில் கடத்திப் பிணை வைத்த அதிகாரிகளில் அவரும் ஒருவர். பத்தாண்டு கழித்து அவர்களுக்கும் அரசுக்கும் நடுவில் நின்றவரும் அவர்தான். போலி மோதல் கொலைகளைக் கண்டித்தார். கட்சி செய்த கொலைகளையும் கண்டித்தார். நடுநிலை என்பது இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்குவது என்று நினைப்பவர்கள் அவரைப் படிக்க வேண்டும்.

பேச்சுவார்த்தையில் நிலப் பங்கீடு முக்கியமான கோரிக்கை. நிலத்தை அடையாளம் காணத் தனி ஆணையம் வேண்டும் என்றார்கள். ஆனால் பேச்சைச் சிக்க வைத்தது ஆயுதம். ஊருக்குள் ஆயுதத்தோடு வரக் கூடாது என்றது அரசு. ஆயுதம் எங்கள் அரசியலின் பகுதி என்றது கட்சி. இரண்டாவது சுற்று நடக்கவேயில்லை. 2005 ஜனவரியில் மோதல் சாவுகள் மீண்டும் தொடங்க, கட்சி விலகியது. ஆகஸ்ட் 15 அன்று சட்டமன்ற உறுப்பினர் நர்சி ரெட்டியும் உடனிருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தடை திரும்ப வந்தது.

நிலம்? அரசு அமைத்த கோனேரு ரங்கா ராவ் குழு 2006இல் நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைக் கொடுத்தது. கேட்டு வாங்கப் பேச்சு மேசை இல்லாத காலத்தில் வந்த அறிக்கை அது. நமக்கு இது புதிதா? நாம் இருக்கும் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. அதை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள்.

ஹைதராபாத் மேசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கத்தர், கல்யாண ராவ் போன்ற தலித் படைப்பாளிகள் கட்சியின் தூதர்களாக இருந்தார்கள். ஆனால் யாருக்காக நிலம் கேட்கப்பட்டதோ அந்தக் கூலிக்காரர்களுக்கென்று தனி நாற்காலி கிடையாது. இருந்திருந்தால், ஆயுதத்தில் சிக்கிய பேச்சை யாராவது நிலத்துக்கு இழுத்து வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறோம்.

அதனால் இரண்டு தோழர்களுக்கும் எங்கள் பதில் ஒன்றுதான். பேச வேண்டும். பேசாத காலத்தில் சாவது ஆதிவாசியும் தலித்தும்தான். சீருடைக்குள் இருப்பவர்களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. ஆனால் சண்டை எதனால் வந்ததோ அது காகிதத்தின் முதல் வரியில் இருக்க வேண்டும். நாளை நீங்களும் ஏதாவது ஒரு சமாதானக் கூட்டத்தில் உட்காருவீர்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாட்டியின் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

ஜெய் பீம்.